டாக்கோவில் இரண்டு லைம்

மெக்சிகன் டோர்டியா பாக்கெட்டை எப்பவாவது திருப்பிப் பார்த்திருக்கீங்களா? மக்காச்சோளத்தில் செய்த நல்ல டோர்டியாவாக இருந்தால் உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் ஒரே வரிதான்: சோளம், தண்ணீர், லைம். அந்த மூன்றாவது சொல்லை நம்மில் பலரும் எலுமிச்சை என்று படித்துவிட்டுப் போய்விடுவோம். மெக்சிகன் சாப்பாடு என்றாலே தட்டோரத்தில் ஒரு பச்சை எலுமிச்சைத் துண்டு இருக்கும், அதனால் சந்தேகமும் வராது.

அது எலுமிச்சை இல்லை. சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவுகிற அதே சுண்ணாம்பு.

ஆங்கிலத்தில் பழத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஒரே பெயர் இருப்பதால் வந்த வினை இது. ஸ்பானிஷில் பழம் லிமோன், சுண்ணாம்பு கால். கால்சியம் என்ற பெயரும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். ஆக, மதியம் ஒரு மெக்சிகன் கடையில் உட்கார்ந்து டாக்கோ சாப்பிட்டால் தட்டில் இரண்டு லைம் இருக்கின்றன. ஒன்று மேலே பிழிந்துகொள்வது, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாமல் டோர்டியாவுக்குள் இருப்பது. பிழிகிற லைம் இல்லாவிட்டால் ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற லைம் இல்லாமல் போனதால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் எழுதப் போறேன். அதற்கு முன்னால் மெனு பலகையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் டக்கேரியா என்று போர்டு போட்ட சின்னக் கடைகளில் மதியக் கூட்டம் பன்னிரண்டு மணிக்கே ஆரம்பித்துவிடும். கவுன்டருக்கு மேலே நீளமான பலகை. முதல் தடவை போகிறவர்களுக்குத் தலை சுற்றும்: டாக்கோ, டோஸ்டாடா, என்சிலாடா, கெசடியா, ஃப்ளௌட்டா, சிலாகிலெஸ், நாச்சோ. உண்மையில் இதெல்லாம் ஒரே டோர்டியாவின் வெவ்வேறு நிலைமைகள். சூடாக மடித்தால் டாக்கோ. முழுசாகப் பொரித்துத் தட்டையாக வைத்து மேலே குவித்தால் டோஸ்டாடா. மிளகாய்ச் சாற்றில் முக்கிச் சுருட்டினால் என்சிலாடா. நடுவில் சீஸ் வைத்து மடித்துச் சுட்டால் கெசடியா. குழலாகச் சுருட்டிப் பொரித்தால் ஃப்ளௌட்டா. நேற்று மீந்துபோனதைத் துண்டுபோட்டுப் பொரித்துச் சாற்றில் புரட்டினால் சிலாகிலெஸ். நம் வீடுகளில் ஒரு சட்டி மாவு முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, அதற்கடுத்த நாள் ஊத்தப்பம், பணியாரம் என்று போகிற மாதிரிதான். சில கடைகளில் உட்கார்ந்ததும் கேட்காமலே கூடையில் வருகிற சிப்ஸ் கூட வெட்டிப் பொரித்த டோர்டியாதான்.

உள்ளே வைப்பது உங்கள் விருப்பம்: வாட்டிய மாட்டிறைச்சி, பன்றிக்கறி, கோழி, மாட்டு நாக்கு, பீன்ஸ். இதில் அல் பாஸ்தோர் என்ற வகைக்குத் தனி வரலாறு உண்டு. லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா, பூயெப்லா நகரத்தில் ஆட்டுக்கறியை விட்டுப் பன்றிக்கறிக்கு மாறியது. மெக்சிகன் மிளகாயும் அன்னாசியும் சேர்ந்தது. செங்குத்துக் கம்பியில் கறியைக் குத்திச் சுற்றவைத்துச் சீவுவது மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கு இதைவிட மெக்சிகன் டாக்கோ வேறு இல்லை என்று மெக்சிகோ சிட்டிக்காரர்கள் சண்டைக்கே வருவார்கள்.

இந்தக் குடும்பத்தில் சேராத ஒன்று பலகையில் இருக்கிறது. பர்ரிட்டோ. அது கோதுமை டோர்டியா. கோதுமை ஸ்பானியர்களோடு வந்தது. வறண்ட வட மெக்சிகோவில் நன்றாக விளைந்தது. அங்கே அதில் மெல்லிசாக, பெரிசாக டோர்டியா செய்யப் பழகினார்கள். சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதிக் கடைகள் அதை இன்னும் பெரிசாக்கி, சோறு பீன்ஸ் எல்லாம் திணித்து, அலுமினியத் தாளில் சுற்றின. 1993-ல் டென்வரில் ஸ்டீவ் எல்ஸ் தொடங்கிய சிப்போட்லே அந்த பாணியை நாடு முழுக்கக் கொண்டுபோனது. பர்ரிட்டோ சாப்பிட்டால் வயிறு நிறையும், அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் அதன் மேலுறையில் சுண்ணாம்பு இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. அது சப்பாத்தியின் ஒன்றுவிட்ட தம்பி.

மெக்சிகோவிலேயே மதியச் சாப்பாடு இன்னும் தாமதம். இரண்டு மணியிலிருந்து நாலு மணிக்குள். அதுதான் அன்றைய பெரிய சாப்பாடு. ஃபோண்டா என்கிற சின்னக் குடும்பக் கடைகளில் கொமிதா கொர்ரிதா என்று ஒரு நிலையான விலைச் சாப்பாடு போடுவார்கள். நம்ம ஊர் 'மீல்ஸ்' போர்டு மாதிரி. முதலில் ஒரு சூப், அடுத்து சோறு அல்லது நூடுல்ஸ், பிறகு குழம்போடு ஒரு கறி, ஒரு தம்ளர் பழச்சாறு. அந்தச் சோற்றுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'உலர்ந்த சூப்'. சோறு தின்று வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் உறுத்தும். சாப்பாடு முழுக்கத் துணையாக இருப்பது சோறு இல்லை, துணியில் பொதிந்து வைத்த சுடச்சுட டோர்டியா.

சரி, சுண்ணாம்புக்கு வருவோம்.

மக்காச்சோளத்தைத் தென் மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பகுதியில் தெயோசின்தே என்ற காட்டுப்புல்லிலிருந்து சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன்னால் மனிதர்கள் பயிராக்கினார்கள். முற்றிய சோளமணி கல் மாதிரி இருக்கும். மேலே ஒரு தடித்த தோல். அதை அப்படியே அரைத்து மாவாக்கித் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ஒட்டாது, விண்டுபோகும். மக்காச்சோள ரொட்டி தட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். கோதுமையில் இருக்கிற பசைப் புரதம் இதில் கிடையாது.

மெக்சிகோவில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழசான வழி. காய்ந்த சோளத்தைத் தண்ணீரில் போட்டு, சோளத்தின் எடையில் நூறில் ஒரு பங்கு அளவுக்குச் சுண்ணாம்பு சேர்த்து, கொதிக்க வைத்து, இறக்கி, ராத்திரி முழுக்க அப்படியே ஊறவிடுவது. காலையில் தண்ணீர் மஞ்சளாக, கொழகொழவென்று இருக்கும். மணியைக் கையில் வைத்துத் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். கழுவிவிட்டு அரைத்தால் களிமண் பதத்தில் மாவு கிடைக்கும். அதற்குப் பெயர் மாசா. ஊறின சோளத்துக்குப் பெயர் நிக்ஸ்டமால். நவாட்ல் மொழியில் நெக்ஸ்ட்லி என்றால் சாம்பல், தமால்லி என்றால் சோளமாவுப் பண்டம். பெயரிலேயே சாம்பல் இருக்கிறது பாருங்க. விறகுச் சாம்பலும் இதே வேலையைச் செய்யும். வட அமெரிக்கப் பழங்குடிகள் பலர் சாம்பலைத்தான் பயன்படுத்தினார்கள்.

அரைத்தது எதில்? மெதாத்தே என்ற கல்லில். மூன்று கால் வைத்த, சாய்வான அம்மி. மேலே உருட்டுவதற்குக் குழவி. முழங்காலிட்டு அரைக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கான மாவை அரைக்க ஒரு பெண்ணுக்குத் தினமும் நாலைந்து மணி நேரம் ஆகும். இருபதாம் நூற்றாண்டில் ஊர் ஊராக மின்சார மாவு ஆலை வந்து சேர்கிற வரைக்கும் கிராமப்புறத்தில் இதுதான் நிலைமை. பழைய முறை எவ்வளவு உன்னதம் என்று உருகி எழுதுகிற சமையல் கட்டுரைகளில் இந்த முழங்கால் வலி பெரும்பாலும் வருவதில்லை.

சுண்ணாம்பு செய்கிற வேலையை இப்படிச் சொல்லலாம். சுண்ணாம்பு நீர் வலுவான காரம். சோளத் தோலைப் பிணைத்து வைத்திருக்கிற ஹெமிசெல்லுலோஸைக் கரைத்துவிடுகிறது. அதனால் தோல் கழன்று வருகிறது. கரைந்த அந்தப் பசையும், பாதி வெந்த மாவுச்சத்தும், கால்சியமும் சேர்ந்து மாவை ஒட்டவைக்கின்றன. அதனால் மெல்லிசாகத் தட்டமுடிகிறது. பூஞ்சை பிடித்த சோளத்தில் இருக்கிற அஃப்ளடாக்சின் மாதிரியான நஞ்சும் கணிசமாகக் குறைகிறது. சோளத்தில் இயல்பாகக் கால்சியம் மிகக் குறைவு. சுண்ணாம்பில் ஊறியதும் பல மடங்கு ஏறிவிடுகிறது. பால் பெரிதாகக் குடிக்காத பழைய மெக்சிகோவுக்கு எலும்புச் சத்து முக்கியமாக வந்த வழி டோர்டியாதான்.

கடைசியாக நயாசின். இது பி வகை வைட்டமின்களில் ஒன்று. சோளத்தில் நயாசின் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மாவுச்சத்துச் சங்கிலிகளோடு கட்டுண்டு கிடப்பதால், சாப்பிட்டாலும் பெரும்பகுதி உடலில் சேராது. பூட்டிய பெட்டிக்குள் பணம் இருக்கிற மாதிரி. சுண்ணாம்புக் காரம் அந்தப் பூட்டைத் திறக்கிறது. இதை மெக்சிகோவின் அந்த ஆதிகாலப் பெண்கள் தெரிந்து செய்தார்கள் என்று சொல்ல முடியாது. தோல் உரியவேண்டும், மாவு ஒட்டவேண்டும், அதற்காகச் செய்தார்கள். கூடவே பீன்ஸும் சாப்பிட்டார்கள். பீன்ஸில் ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் உண்டு. உடல் அதிலிருந்தும் கொஞ்சம் நயாசின் தயாரித்துக்கொள்ளும். மதியத் தட்டில் டோர்டியாவும் பீன்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது இத்தனை காலத்துப் பழக்கம்.

ஸ்பானியர்கள் சோளத்தைக் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள்.

அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருந்தது. ஐரோப்பாவில் தண்ணீரிலும் காற்றிலும் ஓடுகிற ஆலைகள் இருந்தன. கல்லு மாதிரி தானியத்தையும் அவை மாவாக்கிவிடும். சுண்ணாம்பில் ஊறவைப்பது அம்மியில் அரைக்கிறவர்களுக்கான வேலை, ஆலை இருப்பவனுக்கு எதற்கு? ஒரு சமையல் முறையில் ஒரு படி ஏன் இருக்கிறது என்று கேட்காமல், வேறு ஒரு காரணத்தை நாமாக ஊகித்து அதை வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் 1735-ல் காஸ்பர் காசல் என்ற வைத்தியர் ஒரு புது நோயைப் பார்த்தார். வெயில் படுகிற இடமெல்லாம் தோல் சிவந்து, கறுத்து, உரிகிறது. கழுத்தைச் சுற்றி மாலை போட்டது மாதிரி ஒரு பட்டை. இன்றைக்கும் மருத்துவப் புத்தகங்களில் அதற்குக் காசல் கழுத்துப்பட்டை என்றுதான் பெயர். நோயாளிகள் எல்லாரும் ஏழைக் குடியானவர்கள், சோளமே கதி என்று இருந்தவர்கள் என்பதையும் அவர் குறித்து வைத்தார். வட இத்தாலியில் சோளமாவைக் கிண்டிப் பொலெந்தா என்று மூன்று வேளையும் தின்ற ஜனங்களுக்கும் அதே நோய். 1771-ல் பிரான்செஸ்கோ ஃப்ராபொல்லி அதற்குப் பெலாக்ரா என்ற பெயரை எழுத்தில் பதிந்தார். சொரசொரப்பான தோல் என்று அர்த்தம். தோல் வெறும் ஆரம்பம். பிறகு வயிற்றுப்போக்கு. பிறகு மனம் பிறழும். பிறகு சாவு. இத்தாலியின் மனநோய் இல்லங்கள் பெலாக்ரா நோயாளிகளால் நிரம்பின. கெட்டுப்போன சோளத்தின் நஞ்சுதான் காரணம் என்று செசாரே லொம்ப்ரோசோ போன்ற பெரிய ஆட்கள் வாதாடினார்கள். அதே காலத்தில் மெக்சிகோவில் அதே சோளத்தை அதைவிட அதிகமாகத் தின்றுகொண்டிருந்தவர்களிடம் இந்த நோய் அபூர்வம். இந்த வித்தியாசத்தை வைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஐரோப்பா மெக்சிகோவிடமிருந்து பயிரை வாங்கியதே தவிர, சமையலறையில் நுழைந்து கேட்கவில்லை.

அடுத்த பலி அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள். அங்கே பருத்திதான் எல்லாம். குத்தகைக்கு உழுகிறவன் வீட்டு வாசற்படி வரை பருத்தி போடணும். காய்கறித் தோட்டத்துக்கு இடம் கிடையாது. கடனுக்குக் கடையில் கிடைப்பது மூன்றே பொருள்: பன்றியின் கொழுப்புக் கறி, சோளமாவு, வெல்லப்பாகு. குளிர்காலம் முழுக்க அதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1940 வரைக்கும் அங்கே சுமார் 30 லட்சம் பேருக்குப் பெலாக்ரா வந்து, சுமார் ஒரு லட்சம் பேர் செத்ததாக வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தொற்றுநோய் என்று பயந்தார்கள். நோயாளியைத் தொடவே தயங்கினார்கள்.

1914-ல் அரசுப் பொதுச் சுகாதாரத் துறை ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவரை அனுப்பியது. அவர் அநாதை இல்லங்களுக்கும் மனநோய் இல்லங்களுக்கும் போய்ப் பார்த்தார். உள்ளே இருப்பவர்களுக்கு நோய் வருகிறது, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஊழியர்களுக்கு வருவதில்லை. தொற்றுநோய்க்கு ஆள் பார்த்துத் தொற்றத் தெரியுமா? அவர் பார்வை தட்டின் மேல் விழுந்தது. இரண்டு அநாதை இல்லங்களில் பால், முட்டை, கறி, பீன்ஸ் சேர்த்துக் கொடுத்தார். நோய் ஓடிவிட்டது. 1915-ல் மிசிசிப்பியின் ரான்கின் சிறைப்பண்ணையில் மறுபக்கத்திலிருந்து சோதித்தார். விடுதலை தருவதாகச் சொல்லி முன்வந்த கைதிகளுக்குத் தெற்கத்தி ஏழையின் சோளச் சாப்பாட்டை மட்டும் கொடுத்தார். கடைசிவரை இருந்த 11 பேரில் 6 பேருக்குப் பெலாக்ரா வந்தது. இன்றைய ஆராய்ச்சி நெறிமுறையில் இதற்கு அனுமதியே கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

அப்படியும் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. 1916-ல் அவரும், அவர் மனைவி மேரியும், உடன் வேலை செய்தவர்கள் சிலரும் நோயாளிகளின் ரத்தத்தைத் தங்கள் உடம்பில் ஏற்றிக்கொண்டார்கள். ஆண்கள் அதற்கும் மேலே போய், நோயாளிகளின் தோல் செதிலையும் மலத்தையும் மாவில் உருட்டி விழுங்கினார்கள். யாருக்கும் பெலாக்ரா வரவில்லை. தெற்கத்திப் பெரிய மனிதர்கள் ஏற்காததற்குக் காரணம் அறிவியல் மட்டும் இல்லை. கிருமி என்றால் யார் மேலும் பழி இல்லை. சாப்பாடு என்றால் கூலியும் குத்தகையும் பேச்சில் வரும். கோல்ட்பெர்கர் 1929-ல் இறந்தார். காணாமல் போன பொருள் என்னவென்று அவர் கண்டுபிடிக்கவில்லை. 1937-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்வேஹெம், நாய்களுக்கு வரும் இதே மாதிரியான நோயை நிகோடினிக் அமிலம் தீர்ப்பதைக் காட்டினார். நயாசின் என்பது அதுதான். பிறகு மாவுகளில் நயாசின் சேர்க்கத் தொடங்கினார்கள், நோய் மறைந்தது.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1990-ல் மலாவியில் இருந்த மொசாம்பிக் அகதிகளுக்கு உதவியாகக் கொடுத்தது பெரும்பாலும் மக்காச்சோளம். உடன் கொடுத்துவந்த நிலக்கடலை வருவது நின்றது. சுமார் 18,000 பேருக்குப் பெலாக்ரா. நம் பக்கத்தில் தெலங்கானாவின் ஏழை விவசாயிகளிடமும் இந்த நோய் இருந்தது. அவர்கள் தின்றது நாட்டுச் சோளம், அதாவது ஜோவர். அந்தச் சோளத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் அதிகமாக இருப்பதுதான் கோளாறு என்று கோபாலனும் ஸ்ரீகாண்டியாவும் 1960-ல் எழுதினார்கள். அந்தக் கருத்து பின்னால் நிறைய விவாதிக்கப்பட்டது, அதற்குத் தனிக் குறிப்பு எழுதணும்.

மறுபடி கடைக்கு வருவோம். இன்றைக்கு உங்கள் தட்டில் இருக்கிற டோர்டியா ராத்திரி ஊறவைத்த சோளத்தில் செய்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. 1949-ல் நுவெவோ லெயோன் மாநிலத்தின் செர்ரால்வோ என்ற ஊரில் தொடங்கிய நிறுவனம் க்ரூமா. சுண்ணாம்பில் வேகவைத்த சோளத்தை உலர்த்தி மாவாக்கிப் பையில் அடைத்து மசேகா என்ற பெயரில் விற்றது. தண்ணீர் ஊற்றினால் மாசா தயார். ருசி குறைவுதான். நேற்றைய நிக்ஸ்டமாலில் இன்று காலை அரைத்துச் செய்த டோர்டியாவுக்கு மழை பெய்த மண் மாதிரி ஒரு வாசனை இருக்கும். அது பை மாவில் வராது. ஆனால் சுண்ணாம்பு வேலை முடிந்த மாவுதான் அது. பெலாக்ரா விஷயத்தில் பழுதில்லை. முழங்கால் வலியையும் நினைத்தால் அந்தப் பை மேல் எனக்கு அவ்வளவு கோபம் வருவதில்லை.

கோபம் வரவேண்டிய இடம் வேறு. 2006 கடைசியில் மெக்சிகோவில் டோர்டியா விலை திடீரென்று ஏறியது. அமெரிக்காவில் சோளத்தை எரிபொருள் எத்தனாலுக்கு ஓட்டியதால் விலை எகிறியது ஒரு காரணம், உள்நாட்டுப் பதுக்கல் பற்றிய புகார்களும் இருந்தன. 2007 ஜனவரியில் அரசு கிலோவுக்கு 8.50 பெசோ என்று ஒரு விலை ஒப்பந்தம் போட்டது. அதற்கப்புறமும் மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கானவர்கள் மெக்சிகோ சிட்டி தெருவில் இறங்கினார்கள். சோளத்தை உலகுக்குக் கொடுத்த நாட்டுக்காரன் சோளத்துக்காக ஊர்வலம் போனான்.

இன்னொன்று அமெரிக்காவிலேயே நடந்தது. கருவிலிருக்கும் குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்க, 1998 முதல் கோதுமை மாவு போன்ற செறிவூட்டிய தானியப் பொருள்களில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது அங்கே கட்டாயம். சோள மாசா மாவு அந்தப் பட்டியலில் இல்லை. ரொட்டிக்குப் பதில் டோர்டியா சாப்பிடும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களில் அந்தக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. மாசா மாவில் சேர்க்கலாம் என்று அனுமதி வந்ததே 2016-ல்தான், அதுவும் விருப்பப்பட்டால் என்ற அளவில். கலிபோர்னியா கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது 2024-ல். சட்டம் எழுதுகிறவர்கள் மதியம் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் பாருங்க.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை, ஏன்னா நம்ம ஆட்கள் மெக்சிகன் கடைக்கு ஓடுவதே பீன்ஸும் சோறும் கிடைக்கும் என்றுதான். மசித்த பீன்ஸைப் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள். அதற்குப் பெயர் மான்தேகா. சிவப்புச் சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் சகஜம். 'கார்னே வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேரலாம். அங்கே கார்னே என்றால் பலருக்கும் ஆடுமாடு பன்றி மட்டும்தான். மான்தேகா இருக்கா, கோழிச் சாறா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்க. முகம் சுளிக்காமல் சொல்வார்கள். பலகையில் பூசணிப்பூ கெசடியா இருந்தால் யோசிக்கவே வேண்டாம். கள்ளி மடலை வதக்கிய நோபாலெஸும் நல்லாயிருக்கும், வெண்டைக்காயின் கொழகொழப்பு பிடிக்கும் என்றால்.

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்தியக் கடையில் மக்காச்சோள ஆட்டா வாங்கிவிட்டு டோர்டியா உடைகிறது என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். உடையத்தான் செய்யும். அது வெறும் சோளமாவு. பொலெந்தா மாவும் அப்படியே. மாசா அரினா என்று போட்ட பையைப் பார்த்து வாங்குங்க. வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து, அரை மணி மூடிவைத்து, எலுமிச்சை அளவு உருட்டி, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து ஒரு தட்டையான பாத்திரத்தால் அழுத்தினால் போதும். தோசைக்கல் நன்றாகக் காயணும், எண்ணெய் வேண்டாம். முதல் பக்கம் கால் நிமிடம், மறுபக்கம் ஒரு நிமிடம், திரும்பவும் திருப்பிப் போட்டதும் புல்கா மாதிரி உப்பும். உடனே துணியில் சுற்றி வைக்கணும், ஆறினால் அட்டை.